அலையாத்திக் காட்டைப் பராமரிக்க நிதி எங்கே கிடைக்கும்?

முத்துப்பேட்டைக்காரன்:
எங்கள் மீனவர் குழு வனத்துறை அனுமதியோடு காயலோரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலையாத்தி விதைகளை ஊன்றியது. நடுவதற்குப் பணம் தந்த நிறுவனம் அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வாய்க்கால் தூர்ந்துவிட்டதால், அலைநீர் ஏறாத இடங்களில் மண் உப்புப் பூத்து, முழங்கால் உயரக் கன்றுகள் கருகுகின்றன. தூர்வாரும் கூலிக்கு யாரை அணுகலாம்?

கரையோரம்:
ஐயா, 2023-24 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ‘மிஷ்டி’ திட்டம், நூறு நாள் வேலைத் திட்டத்தையும் காம்பா நிதியையும் (காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுப்போர் ஈடாகக் காடு வளர்க்கச் செலுத்தும் பணம்) இணைத்து அலையாத்திக்குச் செலவிடுவதற்காக வகுக்கப்பட்டது. கிராம சபைத் தீர்மானத்தோடு வனச்சரகரைப் பாருங்கள். விண்ணப்பத்தில் ‘நடவு’ என்று மட்டும் எழுதாமல், தூர்வாரும் செலவையும் தனியாகக் காட்டுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான்.

உப்பங்காற்று:
கென்யாவின் காசி விரிகுடாவில் ‘மிகோகோ பமோஜா’ என்ற ஊர்க்குழு 117 எக்டேர் அலையாத்தியைக் காத்து, 2013இல் தொடங்கிய திட்டத்தின் வழியே கார்பன் வரவுகளை (மரங்கள் ஈர்த்து வைக்கும் கரியமில வாயுவின் அளவுக்குக் கிடைக்கும் சான்றுகளை) விற்று, குடிநீருக்கும் பள்ளி நூல்களுக்கும் செலவிடுகிறது. எதற்குச் செலவிடுவது என்பதை ஊரே முடிவு செய்வது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் அளவீடும் சான்றிதழும் நெடுங்காலம் இழுக்கும். உங்கள் கன்றுகள் அதுவரை தாங்கா.

முத்துப்பேட்டைக்காரன்:
நன்றி. முதலில் தீர்மானத்தை எழுதுகிறோம்.