முன் ஸ்பிராக்கெட் மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் 10% கூட்டிக் காட்டுகிறது – மீட்டரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி

முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 15 பல்லிலிருந்து 14 பல்லுக்கு மாறியிருக்கிறது. பின் ஸ்பிராக்கெட் பழைய 45 பல்தான். பின் டயர் 130/70-17 இருந்த இடத்தில் இப்போது 140/70-17. முன் சக்கரத்தில் எதுவும் மாறவில்லை. டிஜிட்டல் மீட்டர், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டி.

நேரான சாலையில் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டதில் ஜிபிஎஸ் 40 என்றால் மீட்டர் 44, 60-க்கு 66, 80-க்கு 88. மீட்டர் போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்கிறார்கள். அது சரியா? வேறு எப்படித் திருத்துவது?

பதில் 1

மீட்டரைத் தொடாதீர்கள். மூன்று வேகத்திலும் பிழை ஒரே விகிதத்தில் இருக்கிறது. கெட்டுப்போன மீட்டர் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது. வேகம் கூடக் கூடப் பிழையும் அதே சதவீதத்தில் கூடினால், வேக சென்சாரிலிருந்து மீட்டருக்கு வரும் மின் துடிப்புகளின் எண்ணிக்கையே மாறியிருக்கிறது என்று பொருள். 43, 63, 83 என்று எல்லா வேகத்திலும் ஒரே 3 கி.மீ. கூடியிருந்தால் முள் வைத்த மீட்டரில் முள் இடம் தவறி அழுத்தப்பட்டிருக்கலாம். எண் நிலையில்லாமல் குதித்தால் சென்சார், ஒயர், கனெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். உங்களுடையது முதல் வகை.

முதலில் வேக சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன் சக்கரத்தில் இருந்தால் நீங்கள் மாற்றிய இரண்டுக்கும் மீட்டருக்கும் தொடர்பே இல்லை. முன் ஸ்பிராக்கெட் மூடிக்குப் பக்கத்தில், கியர்பாக்ஸ் வெளித்தண்டில் (முன் ஸ்பிராக்கெட்டைச் சுற்றும் தண்டு) இருந்தால் இரண்டுமே கணக்கில் வரும்.

கேட்டவர்

முன் ஸ்பிராக்கெட் மூடிக்கு மேலே, கியர்பாக்ஸில்தான் இருக்கிறது. மூன்று ஒயர்.

பதில் 2

அப்படியானால் கணக்குப் போட்டுவிடலாம்.

ஸ்பிராக்கெட்: முன்பு பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு வெளித்தண்டு 45/15 = 3.000 சுற்று சுற்றியது. இப்போது 45/14 = 3.214. அதே தூரத்துக்கு 7.14% அதிகத் துடிப்பு. பெருக்கு எண் 1.0714.

டயர்: 17 அங்குல ரிம் என்றால் 431.8 மி.மீ. 130/70-இல் பக்கச்சுவர் 91 மி.மீ., மொத்த விட்டம் 613.8. 140/70-இல் பக்கச்சுவர் 98, விட்டம் 627.8. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும் என்பதால் மீட்டர் குறைத்துக் காட்டும்: 613.8/627.8 = 0.9777.

இரண்டையும் பெருக்கினால் 1.0475. நீங்கள் செய்த மாற்றங்களால் வந்த பிழை 4.75% மட்டும். பார்த்ததோ 10%. 1.10-ஐ 1.0475-ஆல் வகுத்தால் 1.05. இந்த மிச்சம் 5% வண்டி புதிதாக வந்தபோதே மீட்டரில் இருந்திருக்கும்.

அதை உற்பத்திக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஐ.நா. 39-ஆம் எண் ஒழுங்குவிதியின்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. புது மாடலுக்கு அனுமதி தரும் வகை ஒப்புதல் சோதனையில் கூட்டிக் காட்டுவது உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் அதன் மேல் 4 கி.மீ.யும் வரை போகலாம். உண்மை வேகம் 100 என்றால் மீட்டர் 100-இலிருந்து 114-க்குள் எதைக் காட்டினாலும் தேறும். டயர் அளவில் சிறு வேறுபாடு வந்தாலும் 100-க்குக் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் சில சதவீதத்தைக் கூட்டியே வைக்கிறார்கள்.

பதில் 3

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் அந்த 5% எங்கே சேர்க்கப்படுகிறது என்று தெரியாமல் திருத்தக் கூடாது. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களில் வேக எண்ணுக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல்; ஓடோமீட்டர் (வண்டி ஓடிய தூரத்தைக் காட்டுவது, சுருக்கமாக ஓடோ) துடிப்பை நேராக எண்ணிக்கொண்டு போகும். சில வண்டிகளில் இரண்டுக்கும் சேர்ந்தே கூடியிருக்கும்.

கண்டுபிடிக்க வழி எளிது. கி.மீ. கல் ஒழுங்காக நட்ட நெடுஞ்சாலையில் ஒரு கல்லில் டிரிப் மீட்டரைச் சுழியாக்கி 20 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். 21-ஐ ஒட்டி வந்தால் ஓடோவில் 4.75% மட்டும். 22 வந்தால் முழு 10%-மும் அதில் இருக்கிறது. கல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் பதிவு செய்யும் தூரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வளைவு நிறைந்த பாதை வேண்டாம். ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு நடுவே வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். வண்டி சாயும்போது டயர் தன் ஓரத்தில் உருள்வதால் சுற்றளவும் குறைந்துவிடும்.

கேட்டவர்

20 கி.மீ.க்கு டிரிப் மீட்டர் 20.9 காட்டியது.

பதில் 3

அப்படியானால் தெளிவு. துடிப்பில் இருக்கும் பிழை 4.75%. மற்ற 5% மீட்டருக்குள் வேக எண்ணுக்கு மட்டும்.

சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே ஸ்பீடோஹீலர் மாதிரியான துடிப்புத் திருத்தி ஒன்றைப் போட்டால் போதும். உள்ளே வரும் துடிப்பை நீங்கள் கொடுக்கும் சதவீதத்துக்குக் குறைத்தோ கூட்டியோ வெளியே அனுப்பும். இப்போது நீங்கள் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே துடிப்பிலிருந்துதான் வேகம், தூரம் இரண்டும் வருகின்றன.

−4.5% கொடுத்தால் ஓடோ சரியாகிவிடும். வேகம் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பும், அதாவது உண்மை 60-க்கு 63. −9.1% கொடுத்தால் வேகம் ஜிபிஎஸ்ஸோடு ஒட்டி நிற்கும். ஆனால் ஓடோ 4.8% குறைவாக ஓடும், 20 கி.மீ. போனால் 19-ஐ ஒட்டித்தான் காட்டும்.

என் கருத்தில் −4.5-தான் சரி. எண்ணெய் மாற்றுவது, செயின் பார்ப்பது, மைலேஜ் கணக்கு எல்லாம் ஓடோவை நம்பியே நடக்கின்றன. இப்போது லிட்டருக்கு 42 என்று நீங்கள் கணக்கிட்டால் உண்மையில் அது 40-தான். வேகத்தில் மிச்சமிருக்கும் 5% உங்களைப் பாதுகாக்கும் பக்கத்தில் இருக்கிறது. டயர் அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் மீட்டர் குறைத்துக் காட்டாது.

எண்ணைக் கொடுக்கும்போது பலர் சறுக்கும் இடம்: 10% கூடக் காட்டுகிறது என்றால் −10 கொடுக்கக் கூடாது. உண்மை வேகத்தை மீட்டர் காட்டும் வேகத்தால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழித்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 60/66 − 1 = −9.1%. பிழை சிறிதாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. 20% பிழைக்கு −20 கொடுத்தால் மீட்டர் 4% குறைத்துக் காட்டத் தொடங்கும். சரியான எண் −16.7.

பதில் 4

பொருத்துவது பற்றிச் சொல்கிறேன். மூன்று ஒயரில் ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். நிறத்தை நம்ப வேண்டாம். மாடலுக்கு மாடல் மாறும். பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரில் பாருங்கள். மின்சார ஒயரில் 5 அல்லது 12 வோல்ட் நிலையாக இருக்கும். சிக்னல் ஒயரில், சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது சுழிக்கு அருகிலிருந்து மேலே ஏறி ஏறி இறங்கும். இரண்டு ஒயர் மட்டும் உள்ள காந்தச் சுருள் சென்சார் வேறு ரகம். அதற்கு இந்த வகைத் திருத்தி நேராகப் பொருந்தாது.

திருத்தி மின்சாரத்தையும் எர்த்தையும் எடுத்துக்கொள்ளும். நடுவே வெட்டப்படுவது சிக்னல் ஒயர் மட்டும்தான். உங்கள் மாடலுக்கான கனெக்டர் கிடைத்தால் ஒயரை வெட்டவே வேண்டாம். கிடைக்காவிட்டால் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மழையில் முதலில் போகும், அப்புறம் வேகம் சுழிக்கு விழுந்து எழும். திருத்திப் பெட்டியை சிலிண்டர் ஹெட், சைலன்சர் பக்கம் வைக்காமல் சீட்டுக்கு அடியில் கட்டுங்கள். இக்னிஷன் காயில் ஒயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். சென்சார் ஒயர் ஈசியூவுக்கும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பிரிந்து போகிறதா என்று ஒயரிங் படத்தில் பாருங்கள். கியர் எண் காட்டும் சில வண்டிகளில் ஈசியூ என்ஜின் ஆர்பிஎம்மையும் வெளித்தண்டின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் கியரைக் கணிக்கிறது. ஸ்பிராக்கெட் மாற்றியதால் அந்தக் கணக்கு கெடாது. இரண்டுமே ஸ்பிராக்கெட்டுக்கு முன்னால் நடப்பவை. ஆனால் திருத்தியை ஈசியூவுக்கு முன்னால் போட்டால் நீங்களே கெடுத்ததாகிவிடும். மேல் கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, முதலில் அங்கேதான் எண் தடுமாறும். பிரிவுக்கு அப்பால், மீட்டருக்குப் போகும் கிளையில் மட்டும் போடுங்கள்.

கேள்வி (வேறொருவர்)

ஏபிஎஸ் உள்ள வண்டியில் இதே பெட்டியைச் சக்கர சென்சார் ஒயரில் போடலாமா?

பதில் 4

கூடாது. ஏபிஎஸ் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒப்பிட்டுத்தான் எது பூட்டிக்கொள்கிறது என்று முடிவெடுக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் நீங்கள் மாற்றினால் அதற்குப் பொய்யான வேறுபாடு தெரியும். எச்சரிக்கை விளக்கு எரிந்து ஏபிஎஸ் அணைந்தால்கூடப் பரவாயில்லை, தவறான நேரத்தில் பிரேக்கை விடுவித்தால் ஆபத்து. ஏபிஎஸ் யூனிட்டிலிருந்து மீட்டருக்குத் தனித் துடிப்பு ஒயர் போகும் வண்டிகளில் அந்த ஒயரில் போடலாம். வேகம் கேன் லைன் (வண்டியின் மின்னணு யூனிட்கள் பேசிக்கொள்ளும் தரவு ஒயர்) வழியாகத் தரவாகப் போனால் இந்தப் பெட்டியால் பயனில்லை. சக்கரச் சுற்றளவை டயக்னாஸ்டிக் கருவியில் மாற்ற அந்த வண்டி அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதில் 2

முதல் கேள்வி கேட்டவருக்கு: டயர் எண்ணிலிருந்து போட்ட கணக்கு தோராயம்தான். ஒரே 140/70 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி விட்டம் மாறும்; குறுகிய ரிம்மில் பக்கச்சுவர் உள்ளே இழுக்கப்பட்டு நடுப்பகுதி உயரும். சுற்றளவை நேராக அளந்துவிடுங்கள். காற்றைக் குளிர்ந்த டயரில் கையேட்டு அளவுக்கு நிரப்பி, ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்க, வால்வு நேர் கீழே வரும் இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, நேராக 5 சுற்று உருட்டி, மறுகோடு போட்டு, நடுவே உள்ள தூரத்தை 5-ஆல் வகுங்கள். பளு ஏறிய டயர் கொஞ்சம் அமுங்குவதால் கணக்கில் வந்ததைவிட இது குறைவாகவே வரும்.

டயர் தேய்வதும் கணக்கில் சேரும். பட்டன் ஆழம் 7 மி.மீ.யிலிருந்து 1.5-க்கு வந்தால் ஆரம் 5.5 மி.மீ. குறைகிறது, அது ஏறக்குறைய 1.8%. ஆகவே புது டயரில் அரை சதவீதத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி (வேறொருவர்)

இங்கேயே கேட்டுவிடுகிறேன். கேபிள் மீட்டர், கேபிள் முன் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுப்பகுதி) வருகிறது. உடைந்த மீட்டருக்குப் பதில் வேறு மாடலின் மீட்டர் போட்டதில் ஜிபிஎஸ் 60-க்கு 84 காட்டுகிறது. முள்ளும் ஆடிக்கொண்டே இருக்கிறது.

பதில் 5

இவை இரண்டும் தனித்தனிக் கோளாறு.

84/60 = 1.4. இந்த எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வரும். கேபிள் மீட்டர்கள் ஒரு கி.மீ.க்கு இத்தனை சுற்று என்று வைத்துச் செய்யப்படுகின்றன. 1000, 1400 இரண்டும் பரவலாக உள்ளவை. டயலிலோ பின்பக்கத்திலோ 1.0, 1.4 என்றோ 1000, 1400 என்றோ அச்சிட்டிருக்கும். உங்கள் ஹப் 1400 சுற்று கொடுக்கிறது, மீட்டர் 1000-ஐ எதிர்பார்க்கிறது. உறுதிப்படுத்த, மேல் முனையைக் கழற்றி உள்கம்பியில் சிறு காகிதக் கொடி ஒட்டி, வண்டியை முன் சக்கரம் 10 சுற்றுப் போகும்வரை தள்ளுங்கள். சுற்றளவு 1.85 மீட்டர் என்றால் தூரம் 18.5 மீட்டர். கொடி 26 தடவை சுற்றியிருந்தால் 26/18.5, அதாவது கி.மீ.க்கு 1405.

1400 மீட்டர் போடுங்கள், இல்லையேல் 1.4-க்கு 1 குறைக்கும் பல்சக்கர அடாப்டரை நடுவே போடுங்கள். மீட்டரைத் திறந்து முள்ளின் சுருள்வில்லை இறுக்கித் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுருள்வில் முள்ளை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. ஓடோமீட்டர் கேபிளோடு பல்சக்கரத்தால் நேராகப் பிணைந்திருப்பதால் அது 40% கூடுதலாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

முள் ஆடுவது கேபிளால். இரு முனையையும் கழற்றி, உள்கம்பியை விரலுக்கிடையில் மெதுவாக உருட்டுங்கள். ஓரிடத்தில் தயங்கிச் சட்டென்று துள்ளினால் கம்பி மடிந்திருக்கிறது, புதிது வாங்குங்கள். சீராக உருண்டால் உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். மேல் 15 செ.மீ. காய்ந்தே இருக்கட்டும். சுருள் பின்னலான கம்பி சுழலும்போது கிரீஸை மேலே ஏற்றிவிடும். அது மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் அலுமினியக் கிண்ணத்துக்கும் நடுவே ஒட்டினால் முள் கூட்டிக் காட்டும், இறங்காமல் நிற்கும்.

திரும்ப மாட்டும்போது ஹப் பெட்டியின் இரண்டு காதுகளும் சக்கரத்தின் பள்ளங்களில் உட்கார்ந்ததா, பெட்டியின் நிறுத்துப் பள்ளம் ஃபோர்க்கில் உள்ள முனையில் பொருந்தியதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஆக்சில் நட்டை இறுக்குங்கள். காது மேலேறி நிற்க இறுக்கினால் அது நசுங்கிவிடும், மீட்டர் சுத்தமாக ஓடாது.

கேட்டவர்

−4.5% வைத்தாயிற்று, சிக்னல் மீட்டர் கிளையில் மட்டும். ஜிபிஎஸ் 60-க்கு 63, 80-க்கு 84. 20 கி.மீ.க்கு டிரிப் மீட்டர் 20.0. கியர் எண் எல்லாக் கியரிலும் சரியாக வருகிறது.

பதில் 3

பின் டயரை அடுத்த முறை மாற்றும்போது, அல்லது 15 பல்லுக்குத் திரும்பினால், அந்த −4.5-ஐ முதலில் சுழியாக்கிவிட்டு மறுபடி அளந்து கொடுங்கள். 15 பல்லோடு −4.5 அப்படியே இருந்தால் ஓடோ 6.6% குறைவாக ஓடும், மீட்டர் 60-க்கு 59 காட்டும். வண்டியைக் கைமாற்றும்போது பெட்டி இருப்பதையும் அதில் உள்ள எண்ணையும் வாங்குபவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.