புதுப்பிப்பு: கன்சோல்.லாக் வரிகளை ஈஎஸ்லிண்ட் பிடிக்காத பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கிருஷ்ணகிரி மாம்பழ மண்டிக்கான பில்லிங் செயலியில், சோதனைக்காகப் போட்ட கன்சோல்.லாக் வரிகள் (பிரவுசர் கன்சோலில் தகவலைக் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் வரிகள்) ஏன் ஈஎஸ்லிண்டில் (கோடில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டும் கருவி) சிக்காமல் போகின்றன என்று கேட்டிருந்தேன். தோத்தாபுரி வியாபாரிகளின் பாக்கித் தொகை பிரவுசர் கன்சோலில் தெரிந்ததால் ரொம்பவே கவலை.

'நோ-கன்சோல் விதியைத் தனியாக எழுதுங்கள்' என்ற பதில்தான் வேலை செய்தது. கன்சோல் வரிகளைப் பிடிக்கும் அந்த விதி, 2019இல் வந்த ஈஎஸ்லிண்ட் 6ஆம் பதிப்பிலிருந்து அதன் பரிந்துரைத் தொகுப்பில் (ஈஎஸ்லிண்டே பரிந்துரைக்கும் விதிகளின் பட்டியல்) இல்லை. டீபக்கர் வரியை (கோடை இடையில் நிறுத்திப் பார்க்க உதவும் வரி) பிடிக்கும் விதி மட்டும் இன்னும் அதில் இருக்கிறது. அதனால்தான் ஒன்று சிக்கி மற்றது தப்பியது.

எதிர்பாராத ஒன்று: விதியை 'வார்ன்' என்று வைத்தால் எச்சரிக்கை வரும், ஆனால் பில்ட் (செயலியைத் தயாரிக்கும் வேலை) நிற்காது. 'எரர்' என்று மாற்றிய அப்புறம்தான் நின்றது. அலெர்ட்டுக்கு (திரையில் செய்திப் பெட்டி காட்டும் வரி) நோ-அலெர்ட் தனி விதி, அதையும் சேர்த்துவிட்டோம். கன்சோல்.எரர் (பிழைச் செய்தி காட்டும் வரி) தேவைப்படுபவர்கள் நோ-கன்சோல் விதியின் 'அலவ்' (அனுமதி) பட்டியலில் அதை மட்டும் போடலாம்.