வெந்நீர் ஊற்று உருளைப்புழுவில் இருக்கும் பாக்டீரியா: கூட்டாளியா, இரையா?

கேள்வி:
வணக்கம். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ரிஃப்டியா என்னும் குழாய்ப்புழுவுக்கு வாயும் குடலும் கிடையாது. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அதற்கு உணவளிக்கின்றன. கரையோரக் கடலில் வெந்நீரும் வாயுக்குமிழிகளும் வெளிப்படும் இடங்களில், மணலுக்கிடையே வாழும் மிகச் சிறிய உருளைப்புழுக்களோடும் கந்தக பாக்டீரியாக்கள் (சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெறுபவை) சேர்ந்திருப்பதாக அண்மையில் படித்தேன். ஆனால் இந்தப் புழுக்களுக்கு வாயும் இருக்கிறது, குடலும் இருக்கிறது. அப்படியிருக்க, அந்த பாக்டீரியா விழுங்கப்பட்ட இரை அல்ல, கூட்டுயிரிதான் (புழுவோடு நிலையாகச் சேர்ந்து வாழும் கூட்டாளிதான்) என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வெயில் எட்டுகிற ஆழத்தில் பாசியே உணவாகக் கிடைக்கும்போது இப்படியொரு உறவுக்குத் தேவைதான் என்ன?

பதில் 1:
உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. புழுவை முழுமையாக அரைத்து டிஎன்ஏ எடுத்தால், தோலில் ஒட்டியது, குடலில் செரித்துக்கொண்டிருப்பது, நிரந்தரமாகக் குடியிருப்பது ஆகிய மூன்றும் ஒரே பட்டியலில் கலந்து வந்துவிடும். அதனால் முதலில் புழுவை நன்றாகக் கழுவி, அதில் கிடைக்கும் பாக்டீரியாக்களைச் சுற்றியுள்ள மணலிலும் நீரிலும் இருப்பவற்றோடு ஒப்பிடுகிறார்கள். மணலில் அரிதாக இருக்கும் ஓர் இனம், புழுவுக்குப் புழு தவறாமல் மிகுதியாகத் தென்பட்டால், அது தற்செயலாக ஒட்டிக்கொண்டது என்று சொல்வது கடினமாகிவிடும். அடுத்ததாக, குறிப்பிட்ட பாக்டீரியாவின் ஆர்என்ஏவோடு மட்டும் பிணையும் ஒளிரும் குறியீட்டைச் செலுத்தி, அது உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். செல்கள் சிதையாமல், ஒரே இடத்தில் அடர்ந்து, பிரிந்து பெருகும் நிலையில் இருந்தால் இரை என்ற விளக்கம் வலுவிழக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே செகா டெல்லே ஃபுமோசே என்ற ஆழமற்ற ஊற்றுப்பகுதியில் எடுத்த ஓன்கோலைமஸ் பேரினப் புழுக்களைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. அவற்றோடு இருந்த பாக்டீரியாக்களில், ஆழ்கடல் ஊற்று விலங்குகளின் கூட்டுயிரிகளுக்கு நெருங்கிய உறவுள்ளவை இருந்தன. அட்லாண்டிக் நடுமேட்டில் (அப்பெருங்கடலின் நடுவே நீளும் கடலடி மலைத்தொடரில்), ஏறத்தாழ 1,700 மீட்டர் ஆழத்திலுள்ள லக்கி ஸ்டிரைக் ஊற்றில் வாழும் ஓன்கோலைமஸ் டைவே என்ற புழுவிலும் இத்தகைய கூட்டு முன்பே பதிவாகியிருந்தது. இவ்வளவு ஆழ வேறுபாட்டுக்கு இடையிலும் ஒரே பேரினத்தில் ஒத்த கூட்டு காணப்படுவதுதான் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி. ஆனாலும் இவை வலுவான அறிகுறிகளே; புழு அந்த பாக்டீரியாவால் ஊட்டம் பெறுகிறது என்பதற்கு இவை மட்டும் சான்றாகிவிடா.

பதில் 2:
ஐயத்துக்கு இடமே இல்லாத கூட்டு எப்படி இருக்கும் என்பதை அறிய, ஊற்றுப் புழு அல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வெப்பமண்டலக் கடற்கரை மணலில் வாழும் லாக்ஸஸ் ஒனீஸ்டஸ் என்ற உருளைப்புழுவின் உடல்மேல், கோல் வடிவ பாக்டீரியாக்கள் தூரிகை மயிர்போல ஒற்றை வரிசையாகச் செங்குத்தாக நிற்கின்றன. தலைப்பகுதி மட்டும் வெறுமையாக இருக்கிறது. இந்த பாக்டீரியாக்கள் வழக்கம்போல் குறுக்கே பிரியாமல் நெடுக்குவாட்டில் பிரிகின்றன. அதனால் பிறக்கும் இரண்டு செல்களுமே புழுவைப் பற்றிய பிடியை விடுவதில்லை. புழுவும் தன் பங்குக்கு, சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றும் ஒரு புரதத்தைச் சுரந்து, தனக்குரிய பாக்டீரியாவை நீரிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. இரையிடம் விலங்குகள் பொதுவாக இப்படி நடந்துகொள்வதில்லை. மணலின் மேலடுக்கில் ஆக்சிஜனும் கீழடுக்கில் சல்பைடும் இருப்பதால், இரண்டுக்கும் இடையே புழு ஊர்ந்துவரும்போது, சல்பைடை ஆக்சிஜனேற்றி ஆற்றல் பெறும் பாக்டீரியாவுக்கு இரண்டும் கிடைக்கின்றன.

கேட்டவர்:
இரு பதில்களுக்கும் மிக்க நன்றி. அப்படியானால், ஒரு புழுவின் உடலுக்குள் கந்தகத் துளிகள் தெரிந்தால், அங்கே கந்தக பாக்டீரியா குடியிருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில் 3:
கொள்ள முடியாது. கிரேக்கத்தின் மிலோஸ் தீவருகே உள்ள ஆழமற்ற ஊற்றுகளில் வாழும் ஓன்கோலைமஸ் கம்பைலோசெர்காய்டஸ் என்ற புழுவைச் சல்பைடுள்ள சூழலில் வைத்தபோது, அதன் தோலடியில் எண்ணெய் போன்ற கந்தகத் துளிகள் தோன்றின. சல்பைடை நச்சுத்தன்மை குறைந்த வடிவில் ஒதுக்கிவைக்கும் புழுவின் சொந்த ஏற்பாடாகவே ஆய்வாளர்கள் இதை விளக்கினர். சல்பைடு செல்லின் சுவாச நொதியையே முடக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு உயிர்காக்கும் அளவுக்கு முக்கியமானது.

வெயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏறத்தாழ 200 மீட்டருக்கு மேலே உள்ள ஊற்றுகளில் ஒளிச்சேர்க்கையும், சல்பைடு போன்ற வேதிப்பொருள்களின் ஆற்றலால் உணவு தயாரிக்கும் வேதிச்சேர்க்கையும் அருகருகே நடக்கின்றன. ஊற்றை விட்டால் வேறெங்கும் வாழ முடியாத விலங்குகள் அங்கே மிகக் குறைவு. ஆகவே அங்குள்ள புழு பாக்டீரியாவை முழுக்க நம்பியிருக்க வேண்டியதில்லை. பாசியையும் மேய்ந்துகொண்டு, கூட்டாளியிடமிருந்தும் ஒரு பங்கு பெறலாம். அந்தப் பங்கை அளப்பதற்கு, கார்பன்-13 (சற்றுக் கனமான, தடம்பற்றக்கூடிய கார்பன் வகை) ஏற்றிய பைகார்பனேட் கலந்த நீரில் உயிருள்ள புழுக்களை இருட்டில் வைத்து, குறியிட்ட கார்பன் முதலில் பாக்டீரியாவிலும் பின்னர் புழுவின் திசுவிலும் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே கொல்லப்பட்ட புழுக்களையும் அதே நீரில் வைத்து ஒப்பிட்டால்தான் வெறுமனே ஊறி ஒட்டிய கார்பனைக் கழிக்க முடியும்.