தேவதாஸ் (1953): இரு மொழி இசைத்தட்டுகள் யாரிடமாவது உண்டா?

தெலுங்கு ‘ஜகமே மாயா’, தமிழ் ‘உலகே மாயம்’ இரண்டும் கண்டசாலா பாடியவை, இசை சி.ஆர். சுப்பராமன். வாத்தியங்களை மொழிக்கொரு முறை தனியாக வாசித்தார்களா என்று ஒப்பிட, 78 சுற்றுத் தட்டுகளின் (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகள்) பதிவு வேண்டும். இருப்பவர்கள் உதவுங்கள்.

தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். எல்பி (பின்னாளில் வந்த 33 சுற்று தட்டு) ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைக் கூட்டும். 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசிதான் சரி. முக்கியமாக, இரண்டையும் ஒரே டர்ன்டேபிளில், வேகத்தைத் தொடாமல் எடுங்கள். வேகம் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், ஒப்பீடே வீண். வேவ் (WAV) ஒலிக்கோப்பு போதும். இரைச்சல் நீக்காதீர்கள், வயலினின் மேல் ஓசையும் சேர்ந்து போய்விடும். லேபிளுக்குப் பக்கத்தில் தட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணையும் படமெடுத்து அனுப்புங்கள்.