ரைட்டரில் மட்டும் தமிழ்99 எழுத்துகள் சேரவில்லை. மிண்ட் 22

வணக்கம். சுங்கை சிப்புட் எஸ்டேட் பக்கம், கோயில் மண்டபத்தில் நடக்கும் டியூஷன் வகுப்பு லேப்டாப்களில் வந்த சிக்கல். திங்க்பேட் டி420, 4 ஜிபி ரேம், இயங்குதளம் லினக்ஸ் மிண்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ. 21.3-இல் இருந்தவரை தொல்லையே இல்லை. 22-க்கு மாற்றிய பிறகுதான் இப்படி.

ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை. ஃபயர்ஃபாக்ஸிலும் டெக்ஸ்ட் எடிட்டரிலும் அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' ஒழுங்காக வருகிறது. ஆவணம் தட்டும் லிப்ரெஆபிஸ் ரைட்டரில் அதுவே 'அமமஆ'. தானியங்கிப் புள்ளியும் இல்லை, துணைக்காலும் இல்லை. எஃப் விசையைத் தனியாக அழுத்தினால் மட்டும் புள்ளி விழுகிறது. ஆக எழுத்துரு மேல் பழி போட முடியாது. முந்தைய எழுத்தை மாற்றும் வேலைதான் நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உள்ளீட்டு முறையைத் தேர்வு செய்யும் ஐஎம்-கான்ஃபிக்கில் ஐபஸைத் தேர்ந்து லாக்-அவுட் செய்தாயிற்று. லிப்ரெஆபிஸ்-ஜிடிகே3 தொகுப்பு நிறுவியாயிற்று. ரைட்டரின் 'அபவுட்' பெட்டியிலும் விசிஎல் (திரை இடைமுகப் பகுதி) ஜிடிகே3 என்றே காட்டுகிறது. புது பயனர் கணக்கிலும் இதே கதை. லிப்ரெஆபிஸின் ஃபிளாட்பேக் பதிப்பு (தனித் தொகுப்பாக இறக்குவது) இன்னும் போடவில்லை, ஹாட்ஸ்பாட் டேட்டா தாங்காது. விண்டோஸுக்குத் திரும்பும் யோசனை வேண்டாம்.

மிண்ட் 22 ரைட்டரில் தமிழ்99-ஐச் சரியாக ஓட்டுபவர்கள் ஐபஸ் வைத்திருக்கிறீர்களா, இன்னொரு உள்ளீட்டு மென்பொருளான எஃப்சிஐடிஎக்ஸ்5-க்கு மாறிவிட்டீர்களா?