புதுப்பிப்பு: சொந்தமாகக் கட்டிய முதல் தூண்டில் கோல்

கிருஷ்ணகிரி அணையில் கெண்டை பிடிக்கத் தூண்டில் கோலை நாமே கட்டுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். அடி தாங்கும் கண்ணாடியிழைத் தண்டே முதல் கோலுக்கு ஏற்றது என்று பலரும் சொன்னபடி, ஏழடித் தண்டு ஒன்றை வாங்கிக் கட்டி முடித்துவிட்டேன்.

இந்த வேலையில் பாதி, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைத் தண்டோடு பிணைக்க நூல் சுற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தண்டின் அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் மெல்ல அழுத்தினால் அது தானாகவே உருண்டு ஒரு பக்கமாக நிலைகொள்ளும். அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொண்டுதான் வளையங்களின் வரிசையை முடிவு செய்ய வேண்டும். ஓரடி நீளத்துக்கு ஒரு வளையம், மொத்தத்தில் கூடுதலாக ஒன்று என்பது பொதுவான கணக்கு. ஆனால் கணக்கைவிடச் சோதனையே நம்பகமானது: வளையங்களை ரப்பர் பட்டைகளால் தற்காலிகமாகப் பிணைத்து, நரம்பைக் கோத்து, முனையில் எடை கட்டிக் கோலை வளைத்தபோது, நரம்பு தண்டைத் தொட்ட இடங்களில் வளையங்களை நெருக்கி வைத்தேன்.

தண்டின்மேல் படியும் வளையத்தின் பாதத்தை அரத்தால் சரிவாக ராவினால், நூல் இடைவெளியின்றி அதன்மேல் ஏறுகிறது. சுற்றிய நூலின்மேல் பூசும் எபாக்சி என்ற பிசினின் இரு பாகங்களையும் சிரிஞ்சால் சம அளவில் அளப்பது மிக முக்கியம். அளவு பிசகினால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். பூசியபின், அது ஒருபுறம் வழிந்து திரளாதபடி, இறுகும்வரை சில மணி நேரம் கோலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூங்கில் கழியில் இதே வளையங்களைக் கட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த கோலை அதில்தான் கட்டப்போகிறேன்.