புதுப்பிப்பு: குதிக்கிற படகு நின்றது

மொரீஷியஸில் மாயேபூர் லகூனுக்குள் (பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கிற கடல்நீர்ப்பரப்பு) அலையே இல்லாதபோதும், வேகம் பிடித்தால் எங்கள் படகின் அணியம் (முன்பகுதி) ஏறி ஏறி விழுகிறதே, எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சினின் கீழ்ப்பகுதி படகை நெருங்கும்படி சாய்வை உள்ளே இழுத்ததில் குதிப்பு குறைந்தது, நிற்கவில்லை. 'பின்பாரத்தை முன்னே தள்ளுங்கள்' என்ற யோசனைதான் வேலை செய்தது. பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் நடுப்பக்கம் நகர்த்தினோம். அவ்வளவுதான்.

எதிர்பாராதது: பவளத்திட்டுக்கு வெளியே, தென்கிழக்குக் காற்று எழுப்பும் அலையில், தெறிப்பெல்லாம் இப்போது முகத்தில்தான். அணியத்தைத் தூக்கினால் ஈரம் குறைகிறது, ஆனால் அடிப்பாகம் தண்ணீரில் அறைவது கூடுகிறது. அது அடிப்பாகத்தின் வடிவத்தோடு வந்தது. எங்களுடையது பின்னால் கிட்டத்தட்டத் தட்டை. அடிப்பாகத்தின் இரு பக்கமும் கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் சரிந்து 'வி' வடிவமாக இருந்தால் அலையை வெட்டும், ஆனால் அமைதியான நீரில் அதே வேகத்துக்குக் கூடுதல் குதிரைசக்தி கேட்கும். பெட்ரோல் விற்கிற விலைக்கு எங்களுக்குத் தட்டையே சரி.